கேபிளுக்கு எதுக்குங்க போலீஸ் வேலை?

தலைப்பைப் பார்த்துட்டு கேபிள் டிவி கட்டணம் பத்தின பதிவுன்னு நினைச்சு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும் :-) இது வேற கேபிள். ஒரு முனையில யூஎஸ்பி, மறுமுனையில அஞ்சாறு கலர் ஒயர். எலக்ட்ரானிக் சிப்புக்குள்ள புரோகிராம் ஏத்துறதுக்கும், ஏத்தின பிறகு "என்னப்பா, ஒழுங்கா ஓடுறியா?"ன்னு அதுகிட்டயே விசாரிக்கிறதுக்கும் பயன்படுற கேபிள். 2014 அக்டோபர்ல இதை வெச்சு ஒரு பெரிய கூத்து நடந்தது. முந்தின நாள் வரைக்கும் நல்லா ஓடிக்கிட்டிருந்த கேபிள்கள் விண்டோஸ் அப்டேட் வந்ததும் செத்துப் போச்சு. தானா சாகலை. வேணும்னே சாகடிச்சாங்க.

பத்து வருஷத்துக்கு மேல ஆன கதையை இப்ப ஏன் கிளர்றேன்னா, போன வாரம் இதை வெச்சு நண்பன் ஒருத்தனோட ஒரு மணி நேரம் சண்டை. "மச்சி, டூப்ளிகேட் சிப் வாங்கினவனுக்கு அப்படித்தான்டா வேணும்"ங்கிறது அவன் கட்சி. என் கட்சி வேற. போன்ல பாதி சொல்றதுக்குள்ள அவனுக்கு மீட்டிங் வந்துடுச்சு. மீதியை இங்க கொட்டிடறேன்.

முதல்ல கேபிளுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துடுவோம். அது தெரியாம இந்தச் சண்டை புரியாது.

நம்ம ஊர் பசங்க பிராஜெக்ட்ல போடற சின்ன சிப்புகள் பலதுக்கு யூஎஸ்பி தெரியாது. அதுங்களுக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு ஒயர். ஒண்ணுல பேசும், இன்னொண்ணுல கேட்கும். இதுக்கு யூஆர்ட்னு பேரு. சும்மா இருக்கும்போது ஒயர் மேல நிக்கும், அதாவது 3.3 வோல்ட் இல்லன்னா 5 வோல்ட். பேச ஆரம்பிக்கணும்னா ஒரு பிட் நேரத்துக்குக் கீழே இறங்கும், "தொடங்கறேன்"னு அர்த்தம். அப்புறம் எட்டு பிட், கடைசியா மறுபடி மேலே. நேரம் காட்ட தனியா கடிகார ஒயர் எதுவும் கிடையாது. ரெண்டு பக்கமும் முன்கூட்டியே வேகத்தைப் பேசி வெச்சுக்கணும். 9600ன்னு வெச்சா ஒரு பிட்டுக்கு சுமார் 104 மைக்ரோசெகண்ட், 115200ன்னு வெச்சா ஒன்பதுக்கும் குறைவு. ஒருத்தர் 9600லயும் இன்னொருத்தர் 115200லயும் பேசினா ஸ்க்ரீன்ல வர்றது ஜிலேபி எழுத்துதான்.

யூஎஸ்பி உலகம் இதுக்கு நேர் எதிர். அங்க கம்ப்யூட்டர்தான் வாத்தியார். அவர் கேட்டாத்தான் மத்தவங்க வாயைத் திறக்கலாம். செருகினதும் அவர் கேட்கிற முதல் கேள்விகள்ல ஒண்ணு "நீ யாரு?". பதிலா ரெண்டு எண் வரணும். ஒண்ணு கம்பெனி எண், இன்னொண்ணு பொருள் எண். அந்த ரெண்டையும் பார்த்துத்தான் விண்டோஸ் எந்த டிரைவரைக் கூப்பிடறதுன்னு முடிவு பண்ணும்.

ஆக, இந்த ரெண்டு பாஷைக்கும் நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும். அந்தக் காலத்து கம்ப்யூட்டர் முதுகுல ஒன்பது பின் சீரியல் போர்ட் இருந்துச்சு (அதுலயும் ப்ளஸ் மைனஸ்னு பெரிய வோல்டேஜ், சிப்போட நேரா சேர்த்தா புகைதான், நடுவுல மேக்ஸ்232 போடணும்). லேப்டாப்ல அது காணாமப் போன பிறகு இந்த மொழிபெயர்ப்பு வேலை கேபிளோட யூஎஸ்பி தலைக்குள்ள குடியேறிடுச்சு. தலை கொஞ்சம் குண்டா இருக்குல்ல, அதுக்குள்ள ஒரு சிப் உட்கார்ந்திருக்கு.

அது பேச்சை மட்டும் கடத்துறதில்லை. அர்டுய்னோவுல புரோகிராம் ஏத்தும்போது கேபிள்ல இருந்து டிடிஆர்னு ஒரு சிக்னல் ஒரு தடவை கீழ இறங்கும். அது 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாப் போய் சிப்போட ரீசெட் காலைத் தட்டி எழுப்பும். எழுந்த சிப்புக்குள்ள இருக்கற குட்டி பூட்லோடர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்கும். அந்த நேரத்துக்குள்ள புது புரோகிராம் வந்தா வாங்கி எழுதிக்கும், வரலைன்னா பழையதை ஓட்டும். ஈஎஸ்பி8266ல கதை கொஞ்சம் வேற. ரீசெட் ஆகும்போது ஜிபிஐஓ 0ங்கிற காலைக் கீழே பிடிச்சிருந்தா "புரோகிராம் கொடுக்கப் போறாங்க"ன்னு அது புரிஞ்சுக்கும். எல்லாமே ரெண்டு மூணு ஒயர்ல நடக்கற சமாச்சாரம். முதல் முறை ஒரு எல்ஈடி நாம சொன்னபடி மினுக்கும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அது ஆபீஸ்ல ஆயிரம் வரி கோட் எழுதினாலும் வராது.

இந்த மொழிபெயர்ப்பு சிப்புல ரொம்ப நாள் ராஜாவா இருந்தது எஃப்டிடிஐ. ஸ்காட்லாந்து, கிளாஸ்கோ. 1992ல ஆரம்பிச்ச கம்பெனி. அவங்களோட எஃப்டி232ஆர் சிப்பு உண்மையிலேயே நல்ல சரக்கு. தனியா கிரிஸ்டல் வேண்டாம், அடையாள எண்களை வெச்சுக்கற ஈஈப்ராம் நினைவகமும் உள்ளேயே இருக்கு, டிரைவர் தொந்தரவு பண்ணாது. அர்டுய்னோ டைசிமிலா, டியூமிலானோவே, முதல்ல வந்த நானோ எல்லாத்துலயும் இதுதான். ரெடிமேட் கேபிளாவும் வித்தாங்க. கறுப்பு கிரவுண்ட், சிவப்பு சப்ளை, ஆரஞ்சு பேச, மஞ்சள் கேட்க, பழுப்பும் பச்சையும் "அனுப்பலாமா, அனுப்பு" சிக்னல்கள். (ஒரு எச்சரிக்கை: அந்தக் கேபிள்ல 3வி3ன்னு பேர் போட்ட மாடலோட சிவப்பு ஒயர்லயும் வர்றது 5 வோல்ட்தான். பேச்சு ஒயர்கள் மட்டும்தான் 3.3. அந்தப் பேரை வெச்ச புண்ணியவானை ஒரு நாள் சந்திக்கணும்.)

ராஜா இருந்தா போலி ராஜாவும் வருவார். எஃப்டிடிஐ முத்திரையை மேல அச்சடிச்ச டூப்ளிகேட்கள் சந்தையில நிறைய வந்துச்சு. 2014 ஆரம்பத்துல ரஷ்யாவைச் சேர்ந்த ஒரு குழு ஒரிஜினலையும் டூப்ளிகேட்டையும் ஆசிட்ல கரைச்சு உள்ளே இருக்கிற சிலிக்கானை மைக்ரோஸ்கோப்ல படம் எடுத்துப் போட்டாங்க. பார்த்தவங்களுக்கு ஆச்சரியம். டூப்ளிகேட் ஒரிஜினலோட காப்பியே இல்லை. அது வேற யாரோ செஞ்ச ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர். உள்ளே எஃப்டிடிஐ மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராமை நிரந்தரமா பதிச்சு வெச்சிருந்தாங்க. சுயமா ஒரு சிப் டிசைன் பண்ணத் தெரிஞ்சவன், சொந்தப் பேர்ல விக்காம அடுத்தவன் பேர்ல விக்கிறான்! திறமை இருந்து என்ன புண்ணியம்.

ஏன் அடுத்தவன் பேர்? டிரைவருக்காகத்தான். யூஎஸ்பி அமைப்பு எஃப்டிடிஐக்குக் கொடுத்த கம்பெனி எண் ஹெக்ஸில் 0403. இந்தச் சிப்போட பொருள் எண் 6001. "0403, 6001"ன்னு பதில் சொன்னா போதும், விண்டோஸ் எஃப்டிடிஐ டிரைவரைத் தானா கொண்டு வந்து உட்கார வெச்சுடும். போலிக்காரனுக்கு டிரைவர் எழுதற செலவு மிச்சம்.

இனிமேதான் கூத்து. 2014ல எஃப்டிடிஐ புது டிரைவர் ஒண்ணு வெளியிட்டாங்க. அக்டோபர்ல அது விண்டோஸ் அப்டேட் வழியா ஜனங்க கம்ப்யூட்டருக்குத் தானா போய்ச் சேர்ந்தது. போலி சிப் வெச்சிருந்தவங்க கேபிளைச் செருகினதும், டிரைவர் அந்தச் சிப்போட ஈஈப்ராமுக்குள்ள பொருள் எண்ணை 6001ல இருந்து 0000ன்னு மாத்தி எழுதிடுச்சு. அடுத்த தடவை செருகும்போது "நீ யாரு?"ன்னு கேட்டா "0403, 0000"ன்னு பதில் வரும். அப்படி ஒருத்தரை விண்டோஸுக்குத் தெரியாது. வேற கம்ப்யூட்டர்ல, பழைய டிரைவர் இருக்கற மெஷின்ல செருகினாலும் தெரியாது. ஏன்னா மாறினது கம்ப்யூட்டர் இல்லை, கேபிள்.

"ஏதோ பக்கா இருக்கும்டா, டிரைவர்ல பக் வராதா"ன்னு நண்பன் கேட்டான். இல்லை. எப்படிச் செஞ்சாங்கன்னு பார்த்தா அந்தச் சந்தேகமே வராது. அந்த டிரைவரைப் பிரிச்சுப் பார்த்தவங்க கண்டுபிடிச்சது இதுதான். ஒரிஜினல் சிப்போட ஈஈப்ராம் ரெண்டு ரெண்டு சொல்லா ஜோடியாத்தான் எழுதும். ஜோடியில முதல் சொல்லை மட்டும் கொடுத்தா அதைக் கையில வெச்சுக்கிட்டு ரெண்டாவதுக்காகக் காத்திருக்கும், எழுதாது. போலிக்கு இந்த நாசூக்கு தெரியாது. கொடுத்ததை உடனே எழுதிடும். டிரைவர் ஜோடிகளோட முதல் சொல்லை மட்டுமே கொடுத்தது. ஒரிஜினலுக்குக் காயம் படாது, போலி மட்டும் சாகும். அதோட விடலை. ஈஈப்ராம் கடைசியில மொத்தத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். பொருள் எண்ணை மாத்தினா அது இடிக்கும். அது இடிக்காம டேலி ஆகணும்னு, பயன்படாத இன்னொரு இடத்துல ஒரு எண்ணைக் கணக்குப் போட்டு எழுதியிருக்காங்க. தூக்கக் கலக்கத்துல எழுதின கோட் இல்லைங்க அது. உட்கார்ந்து யோசிச்சு, ரெண்டு விதமான சிப்பையும் மேஜையில வெச்சு சோதிச்சுப் பார்த்து எழுதின கோட்.

இன்னும் ஒண்ணு. டிரைவரோட லைசென்ஸ் வாசகத்துல "போலிச் சிப்புல இதைப் பயன்படுத்தினா அது மீட்க முடியாதபடி சேதமாகலாம்"ங்கிற அர்த்தத்துல ஒரு வரி இருந்துச்சு. சட்டப்படி காப்பாத்திக்க வெச்சிருப்பாங்க. ஆனா விண்டோஸ் அப்டேட்ல வர்ற டிரைவருக்கு லைசென்ஸ் பக்கத்தை யார் காட்டறாங்க, யார் "சரி"ன்னு அமுக்கறாங்க?

இப்ப நண்பன் கட்சிக்கு வர்றேன். அவன் சொல்றதுல நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். எஃப்டிடிஐ காசு போட்டு டிரைவர் எழுதி, சோதிச்சு, சும்மா கொடுக்கறாங்க. போலிச் சிப் அந்த முதுகுல சவாரி பண்ணுது. அது சொதப்பினா கெட்ட பேர் எஃப்டிடிஐக்கு, போன்ல திட்டு வாங்கறதும் அவங்க ஆளுங்க. நானும் மென்பொருள் எழுதிப் பொழைக்கிறவன்தான், என் கோடை எவனாவது திருடி வித்தா எனக்கும் வயிறு எரியும். "என் டிரைவர் போலிச் சிப்போட வேலை செய்யாது, போ"ன்னு அவங்க சொல்லியிருந்தா நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். தன் உழைப்பைத் தர மறுக்கறது அவங்க உரிமை.

ஆனா மறுக்கறது வேற, என் பொருளைத் திறந்து உள்ளே கை விட்டு எழுதறது வேற. கடைக்காரர் "உனக்குச் சரக்கு இல்லை"ன்னு சொல்லலாம். நான் எங்கிருந்தோ வாங்கிட்டு வந்த பையைப் பிடுங்கிக் கிழிக்க முடியாது. அந்தப் பை போலி பிராண்டா இருந்தாலும்.

"அப்ப கள்ளநோட்டு?"ன்னு மடக்கினான் பாருங்க. நல்ல கேள்விதான். தெரியாம கையில வந்த கள்ள ஐநூறைப் பேங்க்ல கட்டப் போனா, திருப்பித் தர மாட்டாங்க, மாத்தியும் தர மாட்டாங்க. நஷ்டம் நமக்குத்தான். அது மட்டும் சரியா? சரி, ஏன்னா அங்க ஒரு முறை இருக்கு. ரிசர்வ் பேங்க் விதிப்படி நம்ம கண்ணு முன்னாடி முத்திரை குத்தணும், பறிமுதல் பண்ணினதுக்கு ரசீது கொடுக்கணும், எண்ணிக்கை அதிகமா இருந்தா போலீசுக்குப் போகணும். சட்டம் கொடுத்த அதிகாரம், கேள்வி கேட்க ஓர் இடம், கையில ஒரு காகிதம். இங்க என்ன இருந்துச்சு? நீதிபதியும் கம்பெனிதான், போலீசும் கம்பெனிதான், தண்டனை கொடுக்கறதும் கம்பெனிதான். குற்றம் என்னன்னுகூட சொல்லலை. கேபிள் வேலை செய்யலை, அவ்வளவுதான். அந்தப் பையன் தன் சால்டரிங்தான் தப்புன்னு நினைச்சு ராத்திரி பூரா ஒயரைப் பிரிச்சு ஒட்டிக்கிட்டு இருந்திருப்பான்.

தண்டனை போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்க. போலியைச் செஞ்சவன் வித்துக் காசு பார்த்துட்டான். இடைத்தரகர் பார்த்துட்டார். போர்டு செய்யற கம்பெனி நல்ல நம்பிக்கையில வாங்கிப் போட்டிருக்கலாம், மேல முத்திரை ஒரே மாதிரிதானே இருக்கு. ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரருக்கே அவர் கல்லாவுக்குப் பின்னாடி டப்பாவுல இருக்கறது எதுன்னு தெரியாது. ஆசிட்ல கரைச்சுப் பார்த்தாத்தான் தெரியும்ங்கிற விஷயத்தை, இருநூறு ரூபா கொடுத்து கேபிள் வாங்குற மூணாம் வருஷ ஈசிஈ பையன் எப்படிக் கண்டுபிடிப்பான்? மொத்தச் சங்கிலியில எதுவுமே தெரியாத கடைசி ஆளைத் தேடிப் பிடிச்சு அடிச்சிருக்காங்க. விலையை வெச்சு சந்தேகப்பட்டிருக்கணும்னு சொல்வீங்க. ஒரிஜினல் கேபிள் ஆயிரத்துக்கு மேலன்னு தெரிஞ்சவனுக்குத்தானே இருநூறு சந்தேகமா இருக்கும்? அவனுக்குத் தெரிஞ்சது "சார், யூஎஸ்பி டு சீரியல் ஒண்ணு கொடுங்க" மட்டும்தான்.

அதைவிடப் பெரிய பயம் இன்னொண்ணு. கேபிளோட மறுமுனையில என்ன இருக்குன்னு டிரைவருக்குத் தெரியாது. என் டேபிள்ல எல்ஈடி இருக்கு. இன்னொருத்தர் பட்டறையில சிஎன்சி மெஷின் இருக்கலாம், ஒரு லேப்ல அளவு எடுக்கற கருவி இருக்கலாம். இந்த மாதிரி சீரியல் சிப்புகள் பெரிய பெட்டிகளுக்குள்ள புதைஞ்சு கிடக்கும், வாங்கினவருக்கு அது உள்ளே இருக்கறதே தெரியாது. அது திடீர்னு ஊமையானா யாருக்கு என்ன ஆகும்னு கிளாஸ்கோவுல உட்கார்ந்து யாரும் கணிக்க முடியாது.

எதிர்ப்பு கிளம்பினதும் சில நாள்லயே அந்த டிரைவரை விண்டோஸ் அப்டேட்ல இருந்து எடுத்தாங்க. சுபம்னு நினைச்சா, 2016ல அடுத்த பாகம் வந்துச்சு. இந்தத் தடவை சிப்புக்குள்ள எதையும் எழுதலை. அதுக்குப் பதிலா, போலிச் சிப்னு தெரிஞ்சா நிஜமான தகவல் போக வேண்டிய இடத்துல "நான் ஜெனுயின் டிவைஸ் ஃபவுண்ட்!"னு ஒரு இங்கிலீஷ் வாசகத்தை ஓட விட்டாங்க. நண்பன் இதை "பரவாயில்லையே, நாகரிகமாச் சொல்லிட்டாங்களே"ங்கிறான். எனக்கு இது முதல் பாகத்தைவிட மோசம்னு படுது. செத்த கேபிள் யாருக்கும் தப்பான தகவல் சொல்லாது. உயிரோட இருந்துக்கிட்டு தகவலுக்குப் பதிலா வேற எழுத்தைத் தர்ற கேபிள், மறுமுனையில இருக்கற கருவியைப் பொறுத்து என்ன வேணா பண்ண வைக்கலாம். திரையில பெட்டி போட்டுச் சொல்லியிருக்கலாமே, "உன் சிப் போலி, நான் வேலை செய்ய மாட்டேன்"னு. நேர்மையா இருந்திருக்கும்.

அப்படி மறுத்தவங்களும் இருக்காங்க. தைவானோட ப்ரொலிஃபிக் கம்பெனிக்கும் இதே போலித் தலைவலி, அவங்க பிஎல்2303 சிப்புல. அவங்க புது டிரைவர் போலியையும் பழைய மாடலையும் பார்த்தா வேலை செய்ய மறுத்துடும். டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம், சில சமயம் "இந்த மாடல் 2012லயே நிறுத்தியாச்சு, வித்தவரைப் போய்ப் பாருங்க"ங்கிற தொனியில ஒரு வாசகம். காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கினவனோட பழைய கேபிளும் இதுல மாட்டிக்கிச்சு, அது தனி அநியாயம். ஆனாலும் சிப்பைத் தொடலை. பழைய டிரைவரைப் போட்டா மறுபடி ஓடும். எஃப்டிடிஐ செஞ்சதுக்கும் இதுக்கும் நான் போடற கோடு இங்கதான் விழுது.

நஷ்டக் கணக்குல எழுத மறந்துடக்கூடாத இன்னொண்ணு, அப்டேட் மேல இருந்த நம்பிக்கை. "அப்டேட் போடுங்கப்பா, ஓட்டையை அடைக்கத்தான் கொடுக்கறாங்க"ன்னு வீட்டுப் பெரியவங்கள்ல இருந்து ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் சார் வரைக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சவங்க நாம. அந்த வழியாவே ஒரு தனியார் கம்பெனி தன் வியாபாரச் சண்டைக்கு ஆயுதம் அனுப்பினா, அடுத்த தடவை அவர் "வேண்டாம் தம்பி, இப்ப நல்லாத்தானே ஓடுது"ன்னு சொல்லும்போது நாம என்ன பதில் சொல்றது?

லினக்ஸ்காரங்க என்ன பண்ணினாங்கன்னு சொல்லணும். கெர்னல்ல இருக்கற எஃப்டிடிஐ டிரைவர்ல "0403, 0000"ன்னு வர்ற சிப்பையும் ஒரு ஆளா ஏத்துக்கற வரியைச் சேர்த்துட்டாங்க. அந்தப் பொருள் எண்ணுக்கு அவங்க வெச்ச பேரு "பிரிக்", அதாவது செங்கல் :-) விண்டோஸ்ல செங்கல்லாகிப் போன கேபிள் லினக்ஸ்ல எழுந்து பேசும்.

சரி, இதுக்கு வழி என்னன்னு கேட்டா, என் பதில் ஒரிஜினல் வாங்குங்கன்னு மட்டும் இல்லை. கம்பெனி டிரைவரே தேவைப்படாத கேபிளை வாங்குங்க, செய்யுங்க. யூஎஸ்பி விதிமுறையிலேயே இந்த மாதிரி சீரியல் பேச்சுக்கு சிடிசின்னு ஒரு பொது வகுப்பு இருக்கு. கீபோர்டும் மவுஸும் எந்தக் கம்பெனியா இருந்தாலும் செருகினதும் வேலை செய்யுதுல்ல, அதே தத்துவம். லினக்ஸ்லயும் மேக்லயும் சிடிசி பொருள் தானா ஓடும். விண்டோஸ்தான் ரொம்ப நாள் முரண்டு பிடிச்சுது, விண்டோஸ் 8.1 வரைக்கும் ஒரு குட்டி ஐஎன்எஃப் கோப்பாவது கொடுக்கணும். 2015ல விண்டோஸ் 10 வந்ததும் அந்தத் தொல்லையும் போச்சு. அர்டுய்னோக்காரங்க இதை முன்னாடியே செஞ்சிருந்தாங்க. 2010ல வந்த ஊனோ போர்டுல எஃப்டிடிஐயைத் தூக்கிட்டு ஏடிமெகா8யூ2ன்னு ஒரு மைக்ரோகண்ட்ரோலரைப் போட்டு, அதுலயே சிடிசி மொழிபெயர்ப்பை எழுதினாங்க. அந்தக் கோட் எல்லாருக்கும் திறந்தே இருக்கு.

இப்ப இது இன்னும் சுலபம். 2021ல வந்த ராஸ்பெர்ரி பை பைக்கோ, அறிமுக விலை 4 டாலர். அதுல டீபக்ப்ரோப்ங்கிற திறந்த மென்பொருளை ஏத்திட்டா அதுவே கேபிள். ஏத்தறதும் என்ன, போர்டுல இருக்கற பட்டனை அமுக்கிக்கிட்டே செருகினா பென்டிரைவ் மாதிரி திறக்கும், கோப்பை இழுத்துப் போட வேண்டியதுதான். சீரியல் பேச்சு மட்டும் இல்லாம, ஆர்ம் வகை சிப்புகளுக்குள்ள நேரா புகுந்து ஒவ்வொரு வரியா நிறுத்தி ஓட்டிப் பார்க்கற வசதியும் இலவச இணைப்பு. இதையே 2023ல பெட்டி போட்டு டீபக் ப்ரோப்ங்கிற பேர்லயே வித்தாங்க. இது போலியா ஒரிஜினலாங்கிற கேள்வியே எழாது, செஞ்சது நாமதானே.

ரெடிமேட்தான் வேணும், விலையும் குறைவா இருக்கணும்னா சிஎச்340 இருக்கு. சீனாவோட நான்ஜிங்ல இருக்கற டபிள்யூசிஎச் கம்பெனி. விலை மலிவு, ஆனா சொந்தப் பேர்ல, 1ஏ86ன்னு சொந்தக் கம்பெனி எண்ணோட, சொந்த டிரைவரோட விக்கறாங்க. மலிவுன்னாலே திருட்டுன்னு நினைக்கிற என் நண்பன் மாதிரி ஆளுங்களுக்கு நான் காட்டற உதாரணம் இதுதான். இன்னைக்கு கிடைக்கிற நானோ குளோன்கள் பலதுல இதுதான் இருக்கு. போலி எஃப்டிடிஐயை ஒழிக்க டிரைவரோட தடியடியைவிட இந்த ஒரு மலிவு சிப் அதிகம் செஞ்சிருக்கும்ங்கிறது என் ஊகம். எஃப்பிஜிஏ, ஜேடேக்னு வேகமான வேலை இருக்கறவங்களுக்கு எஃப்டிடிஐயோட எஃப்டி2232எச்சை விட்டா சுலபமான வழி குறைவு. அவங்க அங்கீகரிச்ச விற்பனையாளர்கிட்ட முழு விலை கொடுத்தே வாங்குங்க. நல்ல சிப், கொடுக்கலாம். கம்பெனி மேல கோபம் இருந்தாலும் அவங்க சரக்கு மேல எனக்குக் கோபம் இல்லை.

கடைசியா, கேபிள் மேல சந்தேகம் இருக்கறவங்களுக்கு. சால்டரிங்கைக் குற்றம் சொல்றதுக்கு முன்னாடி போர்டைக் கழட்டி வெச்சுட்டு, கேபிளோட பேசற ஒயரையும் கேட்கற ஒயரையும் ஒண்ணோட ஒண்ணு சேருங்க. டெர்மினல்ல ஏதாவது தட்டுங்க. தட்டினது அப்படியே திரும்பி வந்தா கேபிள் சரி, ஒயரைப் பிரிச்சா வரக்கூடாது. அதுகூட வேண்டாம், கேபிள் செருகினதே கம்ப்யூட்டருக்குத் தெரியலையா? லினக்ஸ்ல செருகிட்டு எல்எஸ்யூஎஸ்பின்னு தட்டிப் பாருங்க. 0403க்குப் பக்கத்துல 0000ன்னு தெரிஞ்சா அது 2014ல அடி வாங்கின கேபிள், குப்பையில போடாதீங்க. எஃப்டி232ஆர் ப்ராக்னு ஒரு குட்டி நிரல் இலவசமா கிடைக்குது. பழைய எண் 0000, புது எண் 6001ன்னு கொடுத்தா ஈஈப்ராம்ல எழுதிடும். பிடுங்கிச் செருகினா பழையபடி வேலை செய்யும். அந்த 2014 டிரைவர் இன்னும் இருக்கற ஏதாவது பழைய விண்டோஸ் மெஷின்ல மட்டும் மறுபடி செருகிடாதீங்க, திரும்பவும் பூஜ்யம் ஆக்கிடும்.